ஒரு திசைக்கான எண்

செல்லத்துரை இறந்து இருநூற்று ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தபோது, அவனுடைய மனைவி அழகுத்தாய் ஒரு நோட்டும் பேனாவுமாக மாரீஸ்வரியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

மணிக்கணக்கு மாரீஸ்வரியுடையது. மற்றவர்கள் நாளாகத்தான் எண்ணினார்கள். இன்று பதினோராம் நாள், பதினாறுக்கு இன்னும் ஐந்து நாள் என்று. அவளுக்குள் மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பத்து நான்கிலிருந்து ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“மாரி, உள்ள இருக்கியாட்டி?”

“வாங்க மதினி.”

இரண்டு வீடும் தேயிலை எஸ்டேட்டின் ஒரே லயத்தில், ஒரே கூரை வரிசையில்; நடுவில் மூன்று கதவுகள். ஆனாலும் இந்தப் பதினோரு நாளில் மாரீஸ்வரி அந்த வீட்டுப் பக்கம் போனது இரண்டு முறைதான். இரண்டு முறையும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாள். அவள் சுபாவம் தெரிந்தவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே நாலு பேர் இருந்தால் வாயைத் திறக்காது என்றார்கள்.

அழகுத்தாய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கழுத்தும் கையும் வெறுமையாக இருந்தன. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்நுனிகள் மட்டும் பத்து நாள் ஓய்வில் கொஞ்சம் வெளுத்திருந்தன.

“நாளைக்கி மீட்டிங்கு இருக்குல்லா, வேலைக்குப் பேரு போடுற மஸ்டர் ஆபீஸ் முன்னால. என்னையும் பேசச் சொல்லுதாக. பஞ்சாயத்து மெம்பரு வந்து கேட்டாரு. ஒங்க வீட்டுக்காரருக்கு வந்த மாதிரி இன்னொருத்தருக்கு வரக்கூடாது, நீங்க நாலு வார்த்த சொன்னா சனங்க கேப்பாகன்னாரு. எனக்கு எங்க பேச வரும்? நீ எழுதிக் குடு. எழுத்துக்கூட்டிப் படிச்சிருவேன்.”

“நான் எழுதணுமா மதினி?”

“படிச்ச புள்ள நீதான. ஆனை லைட்டே ஓம் லைட்டுதான. டாக்டரு கிறுக்குற மாதிரி கிறுக்காம குண்டு குண்டா எழுது.”

மாரீஸ்வரி நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழகுத்தாயின் மகள் பள்ளிக்கூடத்தில் எழுதிய பழைய நோட்டு. முதல் பக்கங்களைக் கிழித்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்திருந்தாள்.

ஆனை லைட்டு என்பது எஸ்டேட்காரர்கள் வைத்த பெயர். கீழே வண்டிப்பாதையை ஒட்டி ஐந்து கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே ஒரு தகரப்பெட்டி. மேலே பாறைத்தலையில் காவல் கொட்டகை. அங்கே ராஜசேகர் இருப்பார். காட்டைவிட்டு யானை இறங்குவதைக் கண்டால் பொத்தானை அமுக்குவார். ஒயர் எதுவும் கிடையாது. கொட்டகைக் கம்பத்தின் ஆன்டெனாவிலிருந்து ரேடியோ அலை கிளம்பும். ஐந்து பெட்டியும் அதைக் கேட்டு விளக்கைப் போட்டுக்கொள்ளும், போட்டுவிட்டேன் என்று பதிலும் அனுப்பும். சிவப்பு எரிந்தால் யாரும் அந்த வழியில் போகக்கூடாது. இரண்டு வருடமாக லயத்துப் பிள்ளைகள்கூட அதற்குப் பழகியிருந்தார்கள்.

விளக்குகளைக் காண்டிராக்ட் எடுத்துப் போட்டவர் டவுனில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் டின்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, எஸ்டேட்டிலேயே பிசிக்ஸ் படித்த பெண் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மாரீஸ்வரி அப்போதுதான் சித்தூர் அரசுக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தாள். மூன்று வருடமும் நல்லேப்பிள்ளியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். கடைசி வருடப் பிராஜெக்டும் அங்கேதான். நெல்வயல்களின் நடுவே சிதறிக் கிடந்த மோட்டார் கொட்டகைகளை வீட்டிலிருந்தே ரேடியோவில் போட்டு நிறுத்தும்படி செய்தார்கள் அவளும் இரண்டு தோழிகளும். அலையை வெகுதூரம் தள்ளும் ஒன்பது டிபிஐ ஆன்டெனா ஒன்றை மாடிமேல் நட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மோட்டார் தப்பவில்லை. பரீட்சைக்கு வந்த சார் எழுந்து நின்று கைகொடுத்தார். வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் அவள் தலைநிமிர்ந்து நின்றது அந்த ஒரு நாள்தான்.

அந்த வெற்றிதான் மலைக்கும் அவளோடு ஏறி வந்தது.

ஐந்தாம் விளக்கு ரொம்பத் தூரம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், எதிர் மேட்டில் இருந்தது. மழை பிடித்தால் பத்துக்கு மூன்று முறை எரியாது. டின்டு நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

“மோளே, பவர் கூட்டிக் கொடுத்தா போதாதா? கஞ்சத்தனம் எதுக்கு?”

“பவர் கூட்டினா பேட்டரி தாங்காது சேட்டா. மூடாப்பு மாசத்துல சோலார் ஏறவே ஏறாது. ஆன்டெனாவை மாத்தலாம்.”

கணக்கு அவளுக்கு மனப்பாடம். அனுப்பும் கருவியின் பலம் இருபது டிபிஎம். அதாவது நூறு மில்லிவாட். ஒரு சின்ன டார்ச் பல்பு எடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆன்டெனாவின் பெருக்கம் மூன்று டிபிஐ. டிபிஎம்மோடு டிபிஐயை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். இருபதும் மூன்றும் இருபத்து மூன்று. மூன்றுக்குப் பதில் ஒன்பது வைத்தால் இருபத்தொன்பது. டெசிபெல்லில் மூன்று கூடினால் இரண்டு மடங்கு, ஆறு கூடினால் நான்கு மடங்கு. பேட்டரியில் ஒரு சொட்டுகூடக் கூடுதல் செலவில்லை. சட்டம் அனுமதிக்கும் முப்பத்தாறுக்கும் உள்ளேதான் இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமை கொட்டகைக் கம்பத்தில் ஏறிப் பழைய ஆன்டெனாவைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். பழையது முழ நீளம், புதியது ஆள் உயரம். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ராஜசேகருக்குச் சந்தேகம்.

“ஏம்மா இஞ்சினியரு, கரண்டு அதேதாங்குற. பெறவு எப்படி நாலு மடங்கு? எங்கேருந்து வருது?”

“எங்கேருந்தும் வரலண்ணே. பொரோட்டா மாவு உருண்டை இருக்குல்லா, அத அமுக்குனா அகலமாகுமே, அது மாதிரி. மாவு அதே மாவு. ரொம்பத் தூரம் விரியும், அவ்வளவுதான்.”

“அகலமாகும். ஒசரம் கொறையும்லா?”

“ஒசரத்துல யாருண்ணே இருக்கா? பருந்துக்கா லைட்டு போடப் போறோம்?”

ராஜசேகர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அவள் சொன்ன பதிலில் மேலே என்ற ஒரு திசைதான் இருந்தது. உருண்டையை அமுக்கினால் கீழ்ப்பக்கமும் தேயும் என்பது அப்போது இருவருக்குமே தோன்றவில்லை. நல்லேப்பிள்ளியில் கீழே என்று ஒன்று கிடையாது. மாடியும் மோட்டாரும் வரப்பும் ஒரே மட்டம். இங்கே முதல் விளக்கு கொட்டகைப் பாறைக்கு நேர் அடியில், அறுநூறு மீட்டர் இறக்கத்தில், முதல் வளைவில் இருந்தது. நடுவில் ஒரு பாறைப் புடைப்பும் சில்வர் ஓக் வரிசையும் மறித்தன.

ராஜசேகரைப் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு எஸ்டேட் ஜீப்பில் ஐந்தாம் விளக்குக்குப் போனாள். முதல் அமுக்கிலேயே எரிந்தது. இன்னும் நான்கு முறை அமுக்கச் சொன்னாள். நான்கு முறையும் எரிந்தது. நான்காம் விளக்கும் எரிந்தது, மூன்றாம் விளக்கும் எரிந்தது. அதற்குள் மழை சாய்த்துப் பெய்ய ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் சோதனைத் தாளை டின்டுவின் மேஜையில் வைத்தபோது அவர் படித்துப் பார்த்து, “மிடுக்கி” என்றார், கெட்டிக்காரி என்று.

ஞாயிறும் திங்களும் யானை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு முன்னால் லயத்தில் கூச்சல் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். மாரீஸ்வரியும் ஓடினாள். முதல் வளைவில் பனி விலகாத வெளிச்சத்தில் செல்லத்துரை கிடந்தான். பாக்டரியில் அடுப்பு வேலை அவனுக்கு, ஆறு மணி ஷிப்ட். குடை ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. மேலே, கம்பத்தில், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“லைட்டு செக்கச் செவேல்னு எரியுது, இவன் பாட்டுக்கு நடந்து போயிருக்கானே” என்று லயத்துச் சின்னையன் தலையில் அடித்துக்கொண்டார். முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். ஐந்தே முக்காலுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பிளிறல் கேட்டதாகவும், ரேடியோப் பெட்டியின் கடிகாரத்தில் நேரத்தைப் பார்த்ததாகவும் சொன்னார். பனிக்குள் இறங்கப் பயந்து, ஆள் சேர்த்துக்கொண்டு போய்ச் சேர ஆறு ஆகிவிட்டதாம். அவர் சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருடைய வாயிலும் இருந்தது. லைட்டு எரிந்தது. பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறான்.

அந்த இடத்தில், அந்த உடம்பின் பக்கத்தில் நின்றுகொண்டு, விளக்கைப் பார்த்ததும் மாரீஸ்வரிக்கு முதலில் வந்தது நிம்மதி. நம்முடைய லைட்டு எரிந்திருக்கிறது. அவ்வளவு வேகமாக அது வந்ததை அவளால் பின்னால் மன்னிக்க முடியவில்லை.

மத்தியானம் கொட்டகைக்கு ஏறிப்போனாள். கருவியின் நினைவகத்தில் ஒவ்வொரு அனுப்பலும், வந்த பதிலும் பதிவாகியிருக்கும். விளக்குகள் சரியாக வேலை செய்தன என்று எழுதிக்கொடுக்கத்தான் போனாள். ராஜசேகர் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். “அஞ்சு இருவத்திரெண்டுக்கே அமுக்கிட்டேன்மா. பச்ச வந்துச்சு. நான் பாத்தேன், பச்ச வந்துச்சு” என்றார். பச்சை வருவது அனுப்பியாகிவிட்டது என்பதற்கு மட்டும்தான். போய்ச் சேர்ந்ததா என்று அந்தப் பச்சைக்குத் தெரியாது.

லேப்டாப்பில் வரிகள் வந்தன. ஐந்து இருபத்திரண்டு: இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பதில் அனுப்பியிருந்தன. ஒன்று, பதில் இல்லை. பதில் வராவிட்டால் கருவி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே திரும்ப அனுப்பும். ஐந்து முப்பத்திரண்டு: ஒன்று, பதில் இல்லை. ஐந்து நாற்பத்திரண்டு: ஒன்று, பதில் இல்லை. ஐந்து ஐம்பத்திரண்டு: ஒன்று, பதில் வந்தது.

பிளிறல் ஐந்து நாற்பத்து நான்கு.

நான்காவது முறை மட்டும் ஏன் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பனி கொஞ்சம் விலகியிருக்கலாம். எதிர்ப்பாறையில் பட்டு அலை திரும்பியிருக்கலாம்.

மறுநாள் மீட்டரை எடுத்துக்கொண்டு தனியாக முதல் வளைவுக்குப் போனாள். போனில் ராஜசேகரை அமுக்கச் சொன்னாள். வந்து சேரும் அலையை மைனஸ் எண்களில் காட்டும் மீட்டர் அது. மைனஸ் கூடக் கூட அலை மெலிந்திருக்கிறது என்று பொருள். மைனஸ் நூற்றைந்தைத் தாண்டினால் பெட்டிக்குக் காது கேட்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் விளக்கை நட்ட நாளில் அங்கே மைனஸ் தொண்ணூற்றேழு என்று அவளே குறித்து வைத்திருந்தாள். இப்போது மைனஸ் நூற்றுப் பதினொன்று காட்டியது. பதினான்கு டெசிபெல் குறைவு. மனசுக்குள் கணக்குப் போட்டாள். இருபத்தைந்தில் ஒரு பங்கு.

கல்லூரியில் படித்தது அப்போதுதான் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. டிபிஐயில் கடைசி எழுத்து, எல்லாத் திசைக்கும் சமமாகப் பங்கு வைக்கும் ஒரு ஆன்டெனாவைக் குறிக்கிறது. அப்படி ஒரு ஆன்டெனா உலகத்தில் எங்கும் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க மனசில் வைத்துக்கொள்வதோடு சரி. அதைவிட எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்தான் ஒன்பது. அதுவும் எந்தத் திசையில் அதிகமோ அந்தத் திசையில் மட்டும். இருபத்தொன்பது என்று பெருமையாக எழுதி வைத்தாளே, அது அடிவானத்தைப் பார்த்த எண். அந்த எண்ணில் காலடிக்குப் பங்கில்லை.

டின்டுவிடம் போனாள். கடையில் ஆள் போகும்வரை காத்திருந்து, லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அவர் வரிகளை மேலும் கீழுமாகப் படித்தார். பிறகு எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“பழைய ஆன்டெனாவ இன்னைக்கே மாட்டு. அஞ்சாவதுக்கு வேற வழி நோக்காம்.” அவர் குரல் தணிந்திருந்தது. “எடீ மோளே, நான் என்னெக் காப்பாத்திக்க சொல்றேன்னு நினைக்காதே. லைட்டு ஒரு தடவ எரியலேன்னு தெரிஞ்சா பின்னே ஒருத்தனும் அத நம்ப மாட்டான். சிவப்பு எரிஞ்சாலும் நடப்பான். அடுத்தது யாரு? அது ஆலோசிச்சியா?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அதுதான் அவளை அடக்கிப்போட்டது.

“அஞ்சு லைட்டும் நீ போய்ப் பார்த்ததுதானே. தாளில உண்டல்லோ. அன்னைக்கு எரிஞ்சது, பின்னே பனிமஞ்சு மறைச்சது. நம்ம தப்பு இல்ல. தெய்வம் நினைச்சா நாம என்ன செய்ய?”

மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு விஷயத்தை அவரிடமும் அவள் சொல்லவில்லை.

அன்றைக்கே பழைய ஆன்டெனாவை மாட்டினாள். ஏன் திரும்ப மாற்றுகிறாய் என்று ராஜசேகர் கேட்டதற்கு, காற்றுக்கு ஆடுது அண்ணே என்றாள். முதல் வளைவில் மீட்டர் மைனஸ் தொண்ணூற்றெட்டு காட்டியது. விளக்கு எரிந்தது. அதன் கீழே யாரோ மஞ்சள் செவ்வந்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“என்னட்டி, பேனா எழுதலயா?” என்றாள் அழகுத்தாய்.

“எழுதுது மதினி. சொல்லுங்க.”

“எல்லாருக்கும் வணக்கம். அத முதல்ல போடு. பெறவு, நான் செல்லத்துரை சம்சாரம் அழகுத்தாய்னு போடு. போட்டியா?”

“போட்டேன்.”

“எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாருன்னு எழுது.” சொல்லிவிட்டு யோசித்தாள். “வேண்டாம். எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்ய மைக்குல சொன்னா சிரிப்பாக. அன்னைக்கி குடிக்கலன்னு மட்டும் எழுது. அது சத்தியம்.”

மாரீஸ்வரி குண்டு குண்டாக எழுதினாள். அன்றைக்குக் குடித்திருக்கவில்லை.

“லைட்டு எரிஞ்சுச்சு. அவுக பாத்தாக. பாத்துட்டும் போனாக. அதனால நீங்க யாரும் அப்படிப் போவாதிக.” அழகுத்தாயின் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது. “சரியா வருதா? மெம்பரு இதத்தான் அழுத்தமா சொல்லணும்னாரு.”

பேனா, லைட்டு என்ற சொல்லில் நின்றது.

“மதினி, நீங்க மீட்டிங்குல பேசித்தான் ஆகணுமா? பதினாறு கழியட்டுமே.”

“பேசணும். நான்தான் பேசணும்.” அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஏன் போனாகன்னு யாருக்கும் தெரியாதுல்லா. எனக்குத் தெரியும். மைக்குல சொல்ல மாட்டேன். ஒங்கிட்ட சொல்லுதேன், நீ வெளிய சொல்ல மாட்ட. ஒனக்குத்தான் வாயே கெடயாதே.”

மாரீஸ்வரி நோட்டின் ஓரத்தை விரலால் மடித்து நீவினாள்.

“முந்தின நாள்தான் மக போன் பண்ணிருந்தா, காலேஜுல விழா, அப்பாவ வரச் சொல்லுன்னு. போயிட்டு வாங்கன்னேன். நான் வந்தா அவளுக்குத்தான் கேவலம், நாலு புள்ளைக முன்னால அடுப்பு தள்ளுறவன் மகளுன்னு நிக்கணும், அப்படின்னாக. எனக்கு அது பொறுக்கல. ராத்திரி பேசல. காலையில டிபன் பாக்ஸக் கையில குடுக்கல, கீழ வெச்சேன். குனிஞ்சு எடுத்தாக. நான் சொன்னேன், நீ இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டாலும் ஒண்ணுதான், அப்படியே போயிருன்னு.” அவள் விரல்நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். “ஒண்ணும் சொல்லல. குடைய எடுத்தாக, போனாக.”

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

“பதினெட்டு வருசம் அந்த வளைவுல போனவுக. சிவப்பு எரிஞ்சா திரும்பி வந்துருவாக, எத்தன தடவ வந்துருக்காக. ஒரு தடவ சின்னையன் அண்ணனையும் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாக. அப்பேர்ப்பட்ட ஆளு அன்னைக்கி மட்டும் எப்படிப் போவாக? எரியுறதப் பாத்திருக்காக. சரி, இவ சொன்னதயே செஞ்சிருவோம்னு நடந்திருக்காக.” அழகுத்தாய் அழவில்லை. அழுது தீர்ந்த குரல் அது. “தினம் அந்த வளைவுல நின்னு பாக்குதேன். எந்தக் கல்லுல நின்னு லைட்டப் பாத்திருப்பாகன்னு. மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவ கேட்டா நான் என்ன சொல்ல? அதான் மைக்குல பேசுதேன். நான் சொல்லாட்டாலும் மத்தவளுகளுக்குப் புரியும், அவளுகளாவது காலையில வாய அடக்குவாளுக.”

டின்டு சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மாரீஸ்வரிக்கு வரிசையாக நினைவில் வந்தது. நம்பிக்கை போய்விடும். அடுத்தது யாரு. எல்லாம் இன்னமும் நியாயமாகத்தான் இருந்தன. எதிரே முக்காலியில் ஒரு பெண் தன் புருஷனைத் தானே கொன்றதாக எண்ணிக்கொண்டு, நாளை ஊருக்கு முன்னால் அதைச் சொல்லாமல் சொல்லப் படித்துக்கொண்டிருந்தாள்.

“எழுதிட்டியா? பாத்துட்டும் போனாக. எழுதிட்டியா?”

“இல்ல மதினி.”

“ஏன்டி?”

மாரீஸ்வரி பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் அழுத்திக்கொண்டாள். இதே கேள்வியை யாராவது கூட்டத்தில் கேட்டிருந்தால் அவள் வாய் திறந்திருக்காது. இங்கே இருவர் மட்டும்தான். தப்பிக்கக் கூட்டம் எதுவும் இல்லை.

“அண்ணன் பாத்துட்டுப் போகல மதினி.”

அழகுத்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவங்க போகும்போது லைட்டு எரியல. அஞ்சு அம்பத்திரெண்டுக்குத்தான் எரிஞ்சுது. அதுக்கு முன்னால மூணு தடவ கூப்பிட்டும் அதுக்குக் கேக்கல. மிஷின்ல இருக்கு, நான் பாத்தேன். பத்து நாளா எனக்குத் தெரியும்.”

“என்னட்டி சொல்லுத?”

“நான்தான் ஆன்டெனாவ மாத்தினேன். தூரத்துக்குக் கேக்கணும்னு மாத்தினேன், அது கீழ கேக்காமப் போச்சு. அதுகூடப் பரவால்ல மதினி, அது தெரியாமச் செஞ்சது.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “அஞ்சு லைட்டையும் போய்ப் பாத்துட்டுத் தாள்ல டிக் போடணும். மூணப் பாத்தேன். மழை வந்துருச்சு. மொத வளைவு பக்கத்துலதான இருக்கு, அது எங்க போயிரும்னு நெனச்சேன். அண்ணன் லைட்டுக்கு நான் போகவே இல்ல மதினி. வீட்டுல உக்காந்து டிக் போட்டேன்.”